விளக்குக்கு அளவெடுத்தவர்

டெய்லருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. கடைப் பலகையில்கூட எழுதியிருக்கிறது. ஆனால் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். "அரையிஞ்சு கடை எது?" என்று கேளுங்கள், சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். முப்பது வருஷமாக, வருகிற ஒவ்வொருவரிடமும் அளவெடுத்து முடித்த கையோடு, "ஒரு அரை இஞ்ச் உள்ள விட்டுத் தைக்கிறேன், நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சுக்கலாம்" என்று சொல்லிச் சொல்லி வந்த பெயர். உடம்பு போடாத மனுஷர் யார் இருக்கிறார்கள்? எல்லோருக்கும் ஒருநாள் அந்த அரை இஞ்ச் கைகொடுத்தது. ஆகவே அந்தப் பெயரில் கேலி பாதி, நன்றி பாதி.

வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு தையல் மெஷின், ஒரு நீளமான வெட்டு மேசை, ஆளுயரக் கண்ணாடி, ஒரு மூலையில் போட்டுப் பார்ப்பதற்குத் திரை. மேசைக்கடியில் வெட்டுத் துணி அடைத்த இரண்டு சாக்கு. கழுத்தில் எந்நேரமும் அளவு டேப். குளிக்கப் போகும்போது மட்டும்தான் கழற்றுவார் என்பாள் அவர் மனைவி. அதையும் மறந்து எத்தனை தடவை நனைத்திருக்கிறார் என்பதையும் அவளே சொல்வாள். கொக்கி வைப்பதும் பொத்தான் தைப்பதும் அவள் வேலை. அவர் மெஷினில் உட்கார்ந்திருக்க, அவள் எதிரே கீழே கால் நீட்டி உட்கார்ந்திருக்க, இரண்டு பேரும் நாள் முழுக்க ஒருவரையொருவர் வாரிக்கொண்டே வேலை செய்வார்கள். அந்த வீட்டில் ரேடியோ தேவைப்பட்டதே இல்லை.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு வருஷமாக ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அலமாரியின் மேல்தட்டில் இருந்த விளக்குதான் அது.

பட்டாளத்து விளக்கு என்றுதான் குடும்பத்தில் சொல்வார்கள். மனைவியின் அப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பணி முடிந்து வீடு திரும்பிய அன்று ஒரு கையில் தகரப் பெட்டி, இன்னொரு கையில் இந்த மண்ணெண்ணெய் விளக்கு. பார்க்கச் சாதாரண அரிக்கேன் விளக்கு மாதிரிதான் இருக்கும். தூக்கிப் பார்த்தால் தெரியும், தகரம் இரண்டு மடங்கு கனம். உடம்பெல்லாம் மங்கிய பச்சைச் சாயம். எண்ணெய்த் தொட்டியின் அடியில் பட்டாளச் சாமான் என்பதற்கு அடையாளமாக ஓர் அம்புக்குறியும் நாலு இலக்கத்தில் ஒரு வருஷமும் குத்தியிருக்கும். கண்ணாடிக் கூண்டிலும் அதே அம்புக்குறி. அப்பா காலமானபோது பிள்ளைகள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். மற்றதெல்லாம் ஒரு மணி நேரத்தில் பிரித்தாயிற்று. விளக்கை என்ன செய்வது? மூன்றாக வெட்டவா முடியும்? கடைசியில் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு வருஷம் அண்ணன் வீட்டில், அடுத்த வருஷம் அக்கா வீட்டில், அதற்கடுத்த வருஷம் கடைக்குட்டியான இவள் வீட்டில். அப்பா பட்டாளத்திலிருந்து திரும்பிய அதே தேதியில், யாருடைய முறை தொடங்குகிறதோ அவர் வீட்டில் எல்லோரும் கூடி, விளக்கை ஏற்றி, கை மாற்றிக்கொள்வார்கள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது நம்ம ஆள்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இவர்கள் முறை முடிந்து, விளக்கை அண்ணனிடம் ஒப்படைக்க பஸ்ஸில் போனார்கள். விளக்கைப் பழைய போர்வையில் சுற்றி, துணிப்பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டிருந்தார் அரையிஞ்சு. முந்தைய வாரம் முழுக்க வேலை நெரிசல். கண் அசந்துவிட்டது. பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தபோது பை மடியிலிருந்து நழுவியது. சத்தம் கேட்டு முழித்தவர், பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பைக்குள்ளே கண்ணாடி சலசலத்தது கையிலேயே தெரிந்துவிட்டது.

அண்ணன் நிலம் அளக்கிற சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளக்காமல் நம்பாத மனுஷர். அன்றைக்கு அவர் கத்தவில்லை. அந்த வருஷம் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பழைய சாமான் கடையெல்லாம் ஏறி இறங்கி, அதே அம்புக்குறி போட்ட கண்ணாடி ஒன்றைத் தேடிப் பிடித்துவிட்டார். இனி இன்னொன்று கிடைக்காது என்று கடைக்காரர் கையை விரித்தாராம். விளக்கு அண்ணன் வீட்டிலிருந்து அக்கா வீட்டுக்குப் போனது, அக்கா வீட்டிலிருந்து போன வருஷம் இங்கே வந்தது. வந்த அன்று, இந்த முன்னறையில் வைத்துத்தான் அண்ணன் அதைச் சொன்னார்.

"மாப்ளே, தப்பா நினைக்காதீங்க. துணியைக் கீழ போட்டா எடுத்து உதறிக்கலாம். இது அப்படியில்ல. அடுத்த வருஷம் என்கிட்ட வரும்போது இதுல ஒரு கீறல் இருந்தாலும், இந்த முறை கிறையெல்லாம் இதோட சரி. விளக்கு என் வீட்லயே இருந்துட்டுப் போகட்டும். பாக்கணும்னா எல்லாரும் அங்க வந்து பாத்துக்கலாம்."

அக்கா எதுவும் சொல்லவில்லை. சொல்லாததே சம்மதம் மாதிரி இருந்தது. அவர்கள் போன பிறகு அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி, திரும்பாமலே கேட்டாள்.

"எங்கப்பாவுக்கு நான் மட்டும் மகள் இல்லையாங்க?"

அரையிஞ்சுக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. உடைத்தது இவர், முறையை இழக்கப் போவது அவள். போய் ஈரப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார்.

கை மாற்றும் தேதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒருநாள் காலை டீயைக் குடித்துவிட்டு அறிவித்தார்.

"விளக்குக்குப் பெட்டி செய்யப் போறேன். மரப்பெட்டி."

"யாரு? நீங்களா?" மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சுவத்துல ஒரு ஆணி அடிக்கச் சொன்னா விரல்ல அடிச்சுக்கிற ஆளு. பேசாம ஒரு தச்சர்கிட்ட சொல்லுங்க, ரெண்டு நாள்ல செஞ்சு குடுத்துடுவார்."

"உடைச்சது நான். பெட்டியும் நான்தான் செய்வேன்."

விரலுக்கு மருந்து எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்து வைத்துக்கொண்டாள்.

புது மெஷின் வந்திறங்கிய மரக்கூடு ஒன்று பின்கட்டில் கிடந்தது. அரை இஞ்ச் கனத்தில் வெளுத்த பலகைகள். அதைப் பிரித்து, ஆணிகளைப் பிடுங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் ஒரு வாரம் ஓடியது. தும்மலும் ஒரு வாரம். பிறகு ரம்பம், துளை போடும் கருவி எல்லாம் மாடியில் குடியிருக்கும் பிளம்பரிடம் இரவல் வாங்கினார். அப்புறம்தான் முக்கியமான வேலை, அளவெடுப்பது.

விளக்கை வெட்டு மேசையின் நடுவில் நிறுத்தினார். கழுத்திலிருந்து டேப்பை உருவினார். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, மேலே "விளக்கு" என்று பெயர் எழுதினார். அதற்கு முந்தைய பக்கம் பேங்க்கில் வேலை செய்கிற ஒரு அம்மாவுடைய ப்ளவுஸ் அளவு.

"உயரம் பதினாலு. கைப்பிடியை மடக்கிட்டு எடுத்தது. குறிச்சுக்கோ."

"குறிச்சாச்சு."

"இடுப்பு..." என்றவர், தொட்டியைச் சுற்றி டேப்பைப் போட்டு, நுனி இரண்டையும் விரலால் பிடித்தார். "சுத்து இருபத்திரண்டு. அகலமான இடம் இதுதான்."

"மார்பு, தோள்பட்டை எல்லாம்?"

"வேண்டாம்."

"கை நீளம் எடுக்கலியா? முக்கால் கையா, முழுக் கையா?"

"நீ எழுதற வேலையைப் பாரு."

இருபத்திரண்டு சுற்று. லூஸ் இரண்டு இஞ்ச். ஆக இருபத்திநாலு. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு என நாலு துண்டு. நாலால் வகுத்தால் ஒரு துண்டுக்கு ஆறு இஞ்ச். முப்பது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கணக்கு. எத்தனை ஆயிரம் பேரின் உடம்பு இந்தக் கணக்கில் அடங்கியிருக்கும்! பலகையில் தையல் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டின்மேல் ரம்பத்தை ஓட்டி, ஆறு இஞ்ச் அகலத்தில் நாலு பலகை அறுத்தார். கோடு கொஞ்சம்கூடக் கோணவில்லை. கத்தரிக்கோல் பழகிய கைக்கு ரம்பமும் வசப்படும் என்று அவரே அவரை மெச்சிக்கொண்டார். பலகைகளை ஒட்டாமல் திருகாணி போட்டே சேர்த்தார். ஏதாவது சரியில்லை என்றால் பிரித்துக்கொள்ளலாம் அல்லவா? டெய்லர் புத்தி.

அடிப்பலகையும் பொருத்தி முடித்ததும் மனைவியைக் கூப்பிட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அரையிஞ்சு விளக்கை இரண்டு கையாலும் தூக்கி, பெட்டிக்கு நேராகப் பிடித்து, மெதுவாக இறக்கினார்.

விளக்கு இறங்கவில்லை.

பெட்டியின் வாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. திருப்பிப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். விளக்கு அப்படியே இருந்தது. மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்து அடக்கினாள். அவருடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு தானாக நின்றுவிட்டது.

"டேப்பு பழசாகி இழுத்துடுச்சோ?" என்று கேட்டாள்.

மறுபடி அளந்தார். இருபத்திரண்டுதான். நாலு பலகையின் அகலத்தையும் அளந்து கூட்டினார். இருபத்திநாலு. கணக்கு சரி, பெட்டி சரி, விளக்கும் சரி. உள்ளே மட்டும் போகவில்லை. அரையிஞ்சு நாற்காலியில் உட்கார்ந்து, பில்லி சூனியம் எதுவும் இருக்குமோ என்கிற மாதிரி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கணக்கு டீச்சர் வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பவர், பழைய வாடிக்கை. கையில் ஒரு பையும், பைக்குள் ஒரு ப்ளவுஸும்.

"என்ன டெய்லர், கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

அவர் விவரத்தைச் சொன்னார். இருபத்திரண்டு, லூஸ் இரண்டு, நாலால் வகுத்து ஆறு. டீச்சர் விளக்கைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், விளக்கை ஏற்றியிருந்தால்கூட அவ்வளவு வந்திருக்காது.

"விளக்கு உருண்டையா இருக்கா, சதுரமா இருக்கா?"

"உருண்டைதான்."

"சுத்தளவு இருபத்திரண்டுன்னா குறுக்களவு என்ன?"

"அதெல்லாம் எனக்கெதுக்கு டீச்சர்? நான் சுத்துதான் எடுப்பேன்."

"ஏழு. சரியா ஏழு இஞ்ச். இருபத்திரண்டின் கீழ் ஏழுன்னு படிச்சிருப்பீங்களே, மறந்துட்டீங்களா? ஆறாம் வகுப்புப் பாடப்புத்தகமே எழுந்து வந்து உங்க மேசைமேல நிக்குது. ஏழு இஞ்ச் விளக்கு, ஆறு இஞ்ச் பெட்டிக்குள்ள எப்படிப் போகும்?"

"துணின்னா போகுமே."

"துணி வளைஞ்சு குடுக்கும். பலகை வளையுமா?"

அரையிஞ்சு பலகையை விரலால் அழுத்திப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அவர் வெட்டியதெல்லாம் உடம்போடு சேர்ந்து வளைந்து கொடுத்திருக்கிறது. வளையாத ஒரு பொருளை வாழ்க்கையிலேயே இப்போதுதான் வெட்டியிருக்கிறார். டீச்சர் சிரிக்க, மனைவியும் அடக்கி வைத்த சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரிக்க, கடைசியில் இவரும் அசடு வழியச் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் காலண்டரைப் பார்த்தார். தேதிக்கு எட்டு நாள்தான் இருந்தது. மரக்கூட்டுப் பலகை எல்லாவற்றையும் ஆறு இஞ்சாக அறுத்தாயிற்று. அதே மாதிரிப் பலகைக்கு எங்கே போவது?

"சரி, நீங்க என்ன விஷயமா வந்தீங்க?" என்று கேட்டார்.

டீச்சர் ப்ளவுஸை எடுத்து மேசையில் போட்டார். "இது இறுக்கிப் பிடிக்குது. நீங்க விட்ட அரை இஞ்சையெல்லாம் போன தடவையே பிரிச்சாச்சு. இனிமே பிரிக்க இடமில்ல. தூக்கிப் போடவும் மனசு வரல."

"இதுக்கு எதுக்கு டீச்சர் தூக்கிப் போடணும்? பக்கத்துல வெட்டி, நடுவுல வேற கலர்ல ஒரு பட்டி வச்சுக் குடுத்துட்டா..."

சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். வாய் அப்படியே திறந்திருந்தது. மனைவி பயந்துபோய், "என்னங்க, என்ன பண்ணுது?" என்று தோளைத் தொட்டாள். அவர் பதில் சொல்லாமல் பெட்டிப் பக்கம் போனார். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். டீச்சர் ப்ளவுஸை அங்கேயே வைத்துவிட்டு, வாசல்வரை சிரித்துக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு வந்த எட்டு நாளும் அந்த வீட்டில் திருவிழாதான். ஒவ்வொரு பலகையையும் நீளவாக்கில் நடுவில் அறுத்து மூன்று மூன்று இஞ்சாகப் பிரித்தார். உடைந்து கிடந்த பழைய கட்டிலின் சட்டத்திலிருந்து இரண்டரை இஞ்ச் பட்டைகள் எடுத்தார். நல்ல வைரம் பாய்ந்த மரம், தேய்க்கத் தேய்க்கக் கருஞ்சிவப்பாக மின்னியது. வெளுத்த பலகை, நடுவில் இந்தப் பட்டி, மறுபடி வெளுத்த பலகை. பசை வைத்து இறுக்கி ஒட்டி, வெளிப்புறம் மேலும் கீழும் ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்தார். மேலே இருந்ததைக் கழுத்துப்பட்டி என்றும் கீழே இருந்ததை ஓரமடிப்பு என்றும்தான் சொன்னார். அடியும் மூடியும் அதே தினுசு. இந்தத் தடவை பெட்டியின் உள்ளளவு எட்டு இஞ்ச் என்று வந்ததை மூன்று முறை அளந்து, டீச்சர் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டு, அதற்கப்புறம்தான் திருகாணியை முடுக்கினார்.

உள் வேலையில் அவரை மிஞ்ச ஆள் உண்டா? பள்ளிக்கூட மேடைக்குத் திரை தைத்தபோது மிஞ்சிய கருநீல வெல்வெட்டை எடுத்தார். விளக்கைச் சுற்றி நாலா பக்கமும் அரை இஞ்ச் இடம். அந்த அரை இஞ்சுக்குப் பஞ்சு வைத்து, கட்டம் கட்டமாகத் தையல் ஓட்டி, மெத்தை செய்தார். தொட்டி உட்காருவதற்கு அடியில் ஒரு வளையம். மூடியை மூடினால் விளக்கின் தலையை மெல்ல அமுக்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு திண்டு. தூக்குவதற்குக் கெட்டித் துணியை நாலு மடிப்பாக மடித்து ஒரு வார். அதைத் தைப்பதற்குள் ஊசி இரண்டு உடைந்தது. ரம்பத்தில் ஒரு கீறல்கூட வாங்காத மனுஷர், பழகிய மெஷினில் விரலைக் கொடுத்தார். மனைவி தயாராக வைத்திருந்த மருந்து வீண் போகவில்லை.

"கண்ணாடி?" என்று கேட்டாள் அவள். அது ஒன்றுதான் அவள் கவலை.

"அதுக்குத்தான் யோசிக்கிறேன்."

"யோசிக்க என்ன இருக்கு? பிறந்த குழந்தையை வெளிய தூக்கிட்டுப் போனா என்ன பண்ணுவோம்? ஒரு சட்டை போடுங்க."

அதுவும் தைத்தாயிற்று. கம்பிகளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நுழைகிற மாதிரி மெத்தென்ற துணியில், உள்ளே பஞ்சு வைத்து ஒரு சின்னச் சட்டை. முன்னால் மூன்று பொத்தான். பொத்தானை அவள்தான் தைத்தாள். அவர் இரண்டு போதும் என்றார், அவள் கேட்கவில்லை.

கிளம்புகிற அன்று காலை தொட்டியிலிருந்த எண்ணெயைச் சுத்தமாக வடித்து, திரியைப் பிழிந்து காயவைத்து, சட்டையைப் போட்டு, பொத்தானை மாட்டி, விளக்கைப் பெட்டிக்குள் இறக்கினார்கள். இறங்குகிறபோது வெல்வெட்டில் உரசி ஒரு மெல்லிய சத்தம் வந்தது. அவ்வளவுதான். மூடி மூடியது, கொண்டி விழுந்தது. இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நம்ம வீட்ல செஞ்சதுன்னு யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள் அவள். அரையிஞ்சுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆறு மணி நேரப் பயணம். இருவர் இருக்கையில் ஜன்னலோரம் அவள், நடுவில் பெட்டி, ஓரத்தில் பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கியும் அவர். தூக்கம் வராமலிருக்க வழியெல்லாம் கடைப் பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டே வந்தார். முன்சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பி முறைத்தார். நாலாவது மணி நேரத்தில் குறுக்கே ஒரு மாடு வர, டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றார். மேல் தட்டிலிருந்து யாரோ ஒருவருடைய இரும்புப் பெட்டி நேராக இவர்கள் பெட்டிமேல் வந்து விழுந்தது.

பஸ்ஸில் எல்லோரும் ஆளுக்கொரு பேச்சுப் பேசினார்கள். மூடியின் மூலையில் கட்டை விரல் அளவுக்கு மரம் நசுங்கியிருந்தது. அரையிஞ்சு குனிந்து காதை வைத்துப் பார்த்தார். உள்ளே சத்தமில்லை. ஆனால் சட்டைக்குள்ளே உடைந்திருந்தால் சத்தம் எங்கே கேட்கப் போகிறது? கொண்டிமேல் கை வைத்தார்.

"திறந்து பாத்துடலாமா?"

அவள் அவர் கைமேல் தன் கையை வைத்தாள். "வேண்டாம். உடைஞ்சிருந்தா உடைஞ்சிருக்கட்டும். அண்ணன் முன்னாடியே திறப்போம். உங்களால முடிஞ்சதுக்கு மேலயே செஞ்சிட்டீங்க."

மிச்சமிருந்த இரண்டு மணி நேரமும் அவர் ஒரு பலகையையும் படிக்கவில்லை.

அண்ணன் வீட்டில் அக்கா முன்னமே வந்திருந்தாள். "வா பாப்பா" என்று தங்கையைக் கட்டிக்கொண்டாள். ஐம்பது வயது ஆனாலும் அந்த வீட்டுக்கு அவள் பாப்பாதான். பெட்டியைக் கூடத்து மேசையில் வைத்தார்கள். சர்வேயர் அண்ணன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, நசுங்கிய மூலையை முதலில் பார்த்தார். புருவம் ஏறியது. "என்னது இது?" என்று கேட்டார். பஸ்ஸில் நடந்ததை அவள் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

கொண்டியைத் தூக்கி மூடியைத் திறந்தார் அண்ணன். விளக்கை எடுத்து மேசையில் வைத்தார். சட்டையைப் பார்த்தார். மூன்று பொத்தானையும் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டே, பெரிய விரல்களால் தடவித் தடவி ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டை கழன்றது. ஜன்னல் வெளிச்சத்தில் விளக்கைத் திருப்பித் திருப்பி, கண்ணாடியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். விரலால் சுற்றித் தடவினார்.

"ஒரு கீறல் இல்ல" என்றார்.

அக்கா மூச்சை விட்டாள். அரையிஞ்சு அருகில் கிடைத்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் மனைவி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அண்ணன் இப்போது பெட்டிக்குத் திரும்பினார். உள்ளே போய் இரும்பு டேப்பை எடுத்து வந்து மூலைக்கு மூலை வைத்து அளந்தார். உள்ளே அளந்தார், எட்டு. வெல்வெட்டை அமுக்கிப் பார்த்தார். கருஞ்சிவப்புப் பட்டிமேல் விரலை ஓட்டினார்.

"சும்மா சொல்லக் கூடாது மாப்ளே, வேலை பிரமாதம். அதுலயும் நடுவுல இந்தக் கலர்ப் பட்டி வச்சீங்க பாருங்க, அந்த டிசைன் எனக்குத் தோணியே இருக்காது."

அரையிஞ்சு வாயை மூடிக்கொண்டு ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். மனைவி கண்ணால் ஜாடைகூடக் காட்டினாள். ஆனால் செய்யாத டிசைனுக்குப் பாராட்டு வாங்க அவருக்கு மனசு வரவில்லை.

"அது டிசைன் இல்ல மச்சான், தப்பு. சுத்தளவு இருபத்திரண்டுன்னு எடுத்து, ரெண்டு லூஸ் விட்டு, நாலால வகுத்துட்டேன்."

சர்வேயர் டேப்பைப் பிடித்தபடியே அவரைப் பார்த்தார். கணக்கு உள்ளே இறங்குவதற்கு இரண்டு விநாடி ஆயிற்று.

"உருண்டையை நாலால வகுத்தீங்களா?"

"ப்ளவுஸுக்கு அப்படித்தான் வகுப்போம்."

அண்ணன் சிரித்த சிரிப்பு வாசல் வரைக்கும் கேட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அக்காவுக்கு விளங்கவில்லை, அண்ணன் சிரிப்பதைப் பார்த்தே சிரித்தாள். விளக்கு பெட்டி வாயில் சம்மணம் போட்ட கதையை அரையிஞ்சு நடித்தே காட்டினார். பிறகு எண்ணெய் ஊற்றி, திரி நனையக் காத்திருந்து, விளக்கை ஏற்றினார்கள். பகல் வெளிச்சத்திலும் சுடர் நின்று எரிந்தது. மூன்று பிள்ளைகளும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் அப்பாவைப் பற்றிப் பேசினார்கள்.

சுடரை இறக்கி அணைத்து, விளக்கு ஆறியதும் அண்ணனே சட்டையை மாட்டிப் பெட்டிக்குள் வைத்தார். மூடியை மூடியவர், பெட்டியைத் தன் பக்கம் இழுக்காமல் தங்கை பக்கம் நகர்த்தினார்.

"பாப்பா, போன வருஷம் நான் பேசினது அதிகம். மனசுல வச்சுக்காத. இவ்வளவு பத்திரமா நானும் பாத்துக்க மாட்டேன், அக்காவும் பாத்துக்க மாட்டா. விளக்கு இனிமே உன் வீட்லயே இருக்கட்டும். எப்பவுமே."

அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள். அரையிஞ்சுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று மனைவியைப் பார்த்தார். அவள் கண் நிறைந்திருந்தது, ஆனால் கை பெட்டியைத் தொடவில்லை.

"வேண்டாண்ணே."

"ஏம்மா?"

"விளக்கு வேணும்னு நான் அழல. என் முறை போயிடும்னுதான் அழுதேன். நீங்க ரெண்டு பேரும் எனக்கு விட்டுக் குடுத்துட்டா அதுல முறை எங்க இருக்கு? இந்த வருஷம் உன்னுது, அடுத்த வருஷம் அக்காவுது. ரெண்டு வருஷம் கழிச்சு என் வீட்டுக்கு நீங்க கொண்டு வரணும். அதை மட்டும் சொல்லு, போதும்."

அண்ணன் தங்கையின் தலையில் கை வைத்தார்.

"கொண்டு வர்றேன். நானும் அக்காவும் சேர்ந்தே கொண்டு வர்றோம்."

அவள் எழுந்து, பெட்டியின் வாரைப் பிடித்துத் தூக்கி, அண்ணனிடம் நீட்டினாள். அவர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.